காவடிக்காகக் கேட்ட சட்டம் நம் வீட்டுக் கைப்பேசியையும் தொடும்: 233ஆவது பிரிவு சொல்வது என்ன?

2025 பிப்ரவரி 11ஆம் தேதி தைப்பூசம். பத்துமலையிலும் பினாங்கு தண்ணீர்மலையிலும் ஈப்போ கல்லுமலையிலும் பால்குடமும் காவடியும் போய்க்கொண்டிருந்த அதே நாளில்தான் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் திருத்தங்கள் நாட்டில் அமலுக்கு வந்தன. திருவிழாக் கூட்டத்தில் அதைக் கவனித்தவர்கள் மிகக் குறைவு.

மூன்று வாரங்களுக்குப் பிறகு நிலைமை மாறியது. மார்ச் மாதத் தொடக்கத்தில், ஒரு மலாய் வானொலி நிலையத்தின் அறிவிப்பாளர்கள் மூவர் காவடி ஆட்டத்தைக் கேலி செய்வது போன்ற காணொளி பரவியது. பல ஊர்களில் நம்மவர்கள் போலீஸ் நிலையங்களுக்குச் சென்று புகார் கொடுத்தார்கள். அறிவிப்பாளர்கள் மன்னிப்புக் கேட்டனர். நிலையத்தின் உரிமத்தை இடைநிறுத்தப் போவதாக முதலில் அறிவித்த எம்.சி.எம்.சி. எனப்படும் தொடர்பு, பல்லூடக ஆணையம், பின்னர் 250,000 ரிங்கிட் அபராதத்தோடு நிறுத்திக்கொண்டது. போலீஸ் விசாரணையில் அடிபட்ட பிரிவுகளில் ஒன்று அந்தச் சட்டத்தின் 233.

அந்தக் கோபம் நியாயமானதுதான். அலகு குத்தி, விரதமிருந்து நேர்த்திக்கடன் செலுத்துகிறவரைப் பார்த்துச் சிரிப்பதை யார் பொறுத்துக்கொள்வார்? ஆனால் அன்று நாடு முழுக்க நம் மக்கள் கைகாட்டிய அந்தப் பிரிவு, மதத்தைக் கேலி செய்கிறவர்களுக்கென்று மட்டும் எழுதப்பட்டதல்ல. தோட்டத்து லயத்தில் தண்ணீர் வரவில்லை என்று கோபமாகப் பதிவு போடுகிறவர் மீதும், ஆலயத்தை உடைக்க வந்த அதிகாரியைத் திட்டுகிறவர் மீதும் அதே பிரிவு பாயக்கூடும். அதனால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

இணையத்தின் வழி ஆபாசமான, பொய்யான, மிரட்டலான அல்லது மிகக் கடுமையாகப் புண்படுத்தும் ஒன்றை, ஒருவருக்கு எரிச்சலூட்டும், தொல்லை கொடுக்கும், மிரட்டும் நோக்கத்தோடு அனுப்புவது குற்றம் என்பதுதான் 233இன் சாரம். பழைய சட்டத்தில் 'புண்படுத்தும்' என்று மட்டும் இருந்தது. திருத்தத்தில் 'மிகக் கடுமையாக' என்ற அடைமொழி சேர்ந்தது. அது ஒரு சலுகை போலத் தோன்றும். ஆனால் தண்டனையைப் பாருங்கள். முன்பு 50,000 ரிங்கிட் வரை அபராதம், ஓராண்டு வரை சிறை. இப்போது 500,000 ரிங்கிட் வரை அபராதம், ஈராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். எஸ்டேட்டில் மாதச் சம்பளம் வாங்குகிற குடும்பத்துக்கு அரை மில்லியன் ரிங்கிட் என்பது கனவில்கூட வராத தொகை.

சிக்கல் தண்டனையில் மட்டுமில்லை, சொற்களிலும் இருக்கிறது. எரிச்சல் என்பதை எதை வைத்து அளப்பது? மந்திரியின் கொடும்பாவி போன்ற ஒரு கேலிச்சித்திரம் அவருடைய ஆதரவாளருக்கு எரிச்சல், மற்றவருக்குச் சிரிப்பு. ஓவியர் ஃபாமி ரேசா 2016இல் அன்றைய பிரதமர் நஜிப்பைக் கோமாளி முகத்தோடு வரைந்து வெளியிட்டார். 233இன் கீழ் வழக்கு நடந்து, 2018 பிப்ரவரியில் ஒரு மாதச் சிறையும் 30,000 ரிங்கிட் அபராதமும் விதிக்கப்பட்டன. அதே ஆண்டு ஆட்சி மாறிய பிறகு உயர்நீதிமன்றம் சிறைத் தண்டனையை நீக்கி, அபராதத்தை 10,000 ரிங்கிட்டாகக் குறைத்தது. ஆனாலும் குற்றவாளி என்ற தீர்ப்பு நின்றது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இச்சட்டத்தில் உள்ள எதுவும் இணையத்தைத் தணிக்கை செய்ய அனுமதிப்பதாகக் கருதப்படக் கூடாது என்று 1998ஆம் ஆண்டின் அதே சட்டத்தின் 3ஆவது பிரிவிலேயே எழுதியிருக்கிறது. அந்தக் காலத்தில் மல்டிமீடியா பெருவழிக்கு வெளிநாட்டு முதலீட்டாளர்களை ஈர்க்க அரசு கொடுத்த வாக்குறுதி அது. வாசகம் இன்னும் அப்படியே இருக்கிறது.

அரசியலமைப்பின் 10ஆவது விதி குடிமக்களுக்குப் பேச்சுரிமை தருகிறது. அடுத்த உட்பிரிவிலேயே, பாதுகாப்பு, பொது ஒழுங்கு, ஒழுக்கநெறி போன்ற காரணங்களுக்காக நாடாளுமன்றம் அதற்கு வரம்பு கட்டலாம் என்கிறது. 1969 மே கலவரத்துக்குப் பிறகு, 1971இல் செய்த திருத்தத்தால் குடியுரிமை, தேசிய மொழி, மலாய்க்காரர்களின் சிறப்பு நிலை, ஆட்சியாளர்களின் இறையாண்மை ஆகியவற்றைக் கேள்வி கேட்பதையே நாடாளுமன்றம் சட்டமியற்றித் தடுக்கலாம் என்றானது. அவை நடைமுறைப்படுத்தப்படும் விதத்தைப் பற்றிப் பேச மட்டும் இடம் விட்டார்கள். அந்த இடைவெளி எவ்வளவு அகலம் என்பது அவ்வப்போது ஆளுகிறவரின் மனநிலையைப் பொறுத்தே இருந்துவந்திருக்கிறது.

இந்த வரம்புகள் தமிழர்களைத் தொட்டது புதிதல்ல. 2007 ஆகஸ்ட்டில் மக்கள் ஓசை முதல் பக்கத்தில் இயேசுநாதர் கையில் சிகரெட்டோடு இருப்பது போன்ற படம் வந்தது. பத்திரிகை மன்னிப்புக் கேட்டது. ஆனாலும் உள்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சு அதை ஒரு மாதம் நிறுத்தி வைத்தது. மறு ஆண்டு ஏப்ரலில் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்து, மேல்முறையீட்டுக்குப் பிறகே கொடுத்தது. அச்சுக்கூட, வெளியீட்டுச் சட்டத்தின் கீழ் அப்போது ஆண்டுதோறும் பெர்மிட் புதுப்பிக்க வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் பெர்மிட்டுக்காகக் காத்திருக்கும் ஆசிரியர், தலையங்கம் எழுதும்போது என்ன நினைப்பார் என்று சொல்லத் தேவையில்லை. 1987இல் லாலாங் நடவடிக்கையின்போது தி ஸ்டார், சின் சியூ ஜிட் போ, வத்தான் ஆகிய மூன்று ஏடுகள் நிறுத்தப்பட்டதை எந்த ஆசிரியரும் மறந்திருக்க முடியாது. 2012இல் ஆண்டுப் புதுப்பிப்பு நீக்கப்பட்டது. பெர்மிட் இன்னும் உண்டு.

நூலுக்கும் இதே கதி நேர்ந்தது. 2001 மார்ச்சில் கம்போங் மேடானில் நடந்த வன்செயல்களில் ஆறு பேர் இறந்தார்கள். காயமடைந்தவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். அதைப் பற்றி கா. ஆறுமுகம் தமிழில் எழுதிய 'மார்ச் 8' நூலை அரசு தடை செய்தது. அவர் வழக்குத் தொடுத்து மேல்முறையீட்டு நீதிமன்றம்வரை போயும் தடை விலகவில்லை. நம் சொந்த மொழியில், நம் சொந்த மக்களுக்கு நேர்ந்ததைப் பற்றி எழுதிய புத்தகம் அது. அதை வைத்திருக்கக்கூடப் பயந்த வீடுகள் இருந்தன.

பிறகு இண்ட்ராஃப். 2007 நவம்பர் 25ஆம் தேதி கோலாலம்பூர் வீதிகளில் திரண்ட கூட்டத்தைத் தொடர்ந்து, டிசம்பரில் ஐந்து தலைவர்கள் இசா சட்டத்தில் பிடிக்கப்பட்டு கமுந்திங் முகாமில் அடைக்கப்பட்டனர். அது விசாரணையற்ற காவல். அவர்களில் பொ. உதயகுமார் மீது தனியாகத் தேச நிந்தனை வழக்கும் வந்தது. அன்றைய பிரிட்டிஷ் பிரதமர் கோர்டன் பிரவுனுக்கு எழுதிய ஒரு கடிதமே காரணம். 2013 ஜூனில் 30 மாதச் சிறை விதிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் 24 மாதமாகக் குறைந்தது. அவர் எழுதிய சொற்களோடு உடன்படாதவர்கள் நம் சமூகத்திலேயே பலர் உண்டு. அது வேறு விஷயம். ஒரு கடிதத்துக்கு இரண்டு ஆண்டு சிறை தகுமா என்பதுதான் இங்கே கேள்வி.

தேச நிந்தனைச் சட்டம் 1948இல் வெள்ளைக்காரன் கொண்டுவந்தது. அரசின் மீது வெறுப்பைத் தூண்டும், குடிமக்களிடையே அதிருப்தியை எழுப்பும், இனங்களுக்கிடையே பகைமையை வளர்க்கும் 'போக்கு' ஒரு பேச்சில் இருந்தால் போதும், பேசியவரின் நோக்கம் என்ன என்பது தேவையில்லை என்கிறது அதன் 3ஆவது பிரிவு. அரசின் தவறுகளைச் சுட்டிக்காட்டுவது மட்டும் நிந்தனை ஆகாது என்று அதே பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது. ஆனால் சுட்டிக்காட்டுவது எங்கே முடிகிறது, வெறுப்பு எங்கே தொடங்குகிறது என்பதை முதலில் தீர்மானிப்பது போலீசும் சட்டத்துறைத் தலைவர் அலுவலகமும்தான். நீதிபதியின் முறை வருவதற்குள் மாதங்கள், சில வேளை ஆண்டுகள் ஓடிவிடும். கேலிச்சித்திரக்காரர் சுனார் மீது 2015இல் டுவிட்டர் பதிவுகளுக்காக ஒன்பது குற்றச்சாட்டுகள் சுமத்தப்பட்டு, 2018இல்தான் கைவிடப்பட்டன.

இந்தச் சட்டத்தை நீக்குவதாக நஜிப் 2012இல் சொன்னார். 2014இல் அது நீடிக்கும் என்றார். பக்காத்தான் ஹராப்பான் 2018 தேர்தல் அறிக்கையில் நீக்குவதாக எழுதியது, வென்றது, சட்டம் இருக்கிறது. எதிர்க்கட்சியில் இருக்கும்போது கசக்கும் சட்டம் ஆட்சிக்கு வந்ததும் இனிப்பது இந்த நாட்டில் எல்லாக் கட்சிக்கும் பொது.

சட்டமே வேண்டாம் என்று சொல்கிறவர்களும் இல்லை. 2024 ஜூலையில் கோலாலம்பூரில் ஒரு தமிழ்ப் பெண், டிக்டாக்கில் தொடர்ந்து அவதூறும் மிரட்டலும் தாங்காமல் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்த விவகாரத்தில் ஒருவருக்கு வெறும் 100 ரிங்கிட் அபராதம் விதிக்கப்பட்டபோது சமூகம் கொதித்தது. அதன் பிறகே பகடிவதையைக் குற்றமாக்கும் புதிய பிரிவுகள் குற்றவியல் சட்டத்தில் சேர்ந்து, 2025 ஜூலையில் நடப்புக்கு வந்தன. ஒரு பெண்ணின் முகவரியை வெளியிடுவேன் என்று மிரட்டுவதும், மந்திரியின் முடிவைக் கிண்டல் செய்வதும் ஒன்றல்ல. முதலாவதைத் தண்டிக்கக் கூர்மையான சட்டம் தேவை. 'எரிச்சல்' என்ற ஒரே சொல்லால் இரண்டையும் பிடிக்கும் சட்டம்தான் ஆபத்து. அதை யார் மீது வீசுவது என்பது கையில் வைத்திருப்பவரின் விருப்பமாகிவிடுகிறது.

நீதிமன்றமும் இதைத் தொட்டது. குடிநுழைவுத் தடுப்பு முகாமின் நிலைமை பற்றி ஃபேஸ்புக்கில் எழுதியதற்காக 2021இல் குற்றஞ்சாட்டப்பட்ட ஒரு சமூக ஆர்வலரின் வழக்கில், பழைய 233இல் இருந்த 'புண்படுத்தும்', 'எரிச்சலூட்டும்' ஆகிய சொற்கள் அரசியலமைப்புக்கு முரணானவை என்று 2025 ஆகஸ்ட்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசுத் தரப்பு கூட்டரசு நீதிமன்றத்தை நாடியது. திருத்திய சட்டத்திலும் 'எரிச்சலூட்டும்' இருக்கிறது. ஆகவே அந்த ஒரு தீர்ப்பை நம்பி எதையும் எழுதலாம் என்று இருந்துவிட முடியாது.

இனி வீட்டுக்குள் வரவேண்டிய விஷயம். 2012இல் சாட்சியச் சட்டத்தில் 114ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. அதன்படி, ஒரு பதிவு எந்தப் பெயரில் அல்லது படத்தில் வந்ததோ அவரே வெளியிட்டார் என்று சட்டம் ஊகித்துக்கொள்ளும். ஒரு பக்கத்தின் உரிமையாளராக, நிர்வாகியாகக் காட்டிக்கொள்பவருக்கும் அதே கதிதான். இணைய இணைப்பு யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ, அவர் மீதும் அந்த ஊகம் விழும். 'நான் இல்லை' என்று நிரூபிக்கும் பொறுப்பு அவருடையது.

தோட்டப்புறத்தில் அப்பாவின் அடையாள அட்டையில் எடுத்த சிம் அட்டையை மகன் பயன்படுத்துவது சாதாரணம். மகன் நள்ளிரவில் கோபத்தில் எழுதியதற்கு முதலில் பதில் சொல்லவேண்டியவர், மறுநாள் காலை ஐந்து மணிக்கு வேலைக்குக் கிளம்பும் அப்பாவாக இருக்கலாம். ஆலயத் திருவிழாவுக்காக ஆரம்பித்த புலனக் குழுவின் நிர்வாகிகளுக்கும் இந்தப் பயம் உண்டு. சில குழுக்களில் நிர்வாகி மட்டுமே எழுதலாம் என்று பூட்டிவிட்டார்கள். பெருநாள் வாழ்த்தும் மரண அறிவிப்பும் வருகின்றன. குழி விழுந்த சாலை பற்றியும் கட்டாத தமிழ்ப்பள்ளிக் கட்டடம் பற்றியும் யாரும் பேசுவதில்லை. யாரும் உத்தரவு போடாமலே வந்த மௌனம் அது.

போலீஸ் வாக்குமூலத்துக்கு அழைத்தால் பதற்றத்தில் பதிவை அழிப்பது நிலைமையை மோசமாக்கும். அழைப்பை எழுத்தில் கேட்கலாம். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 112ஆவது பிரிவின்படி, சாட்சியாக வாக்குமூலம் தரும்போது, தன்னைக் குற்றத்தில் மாட்டிவிடக்கூடிய கேள்விக்குப் பதில் சொல்ல மறுக்கும் உரிமை உண்டு. கைது செய்யப்பட்டால், உறவினருக்குத் தகவல் சொல்லவும் வழக்கறிஞரைத் தொடர்புகொள்ளவும் 28ஏ பிரிவு இடம் தருகிறது. 24 மணி நேரத்துக்கு மேல் வைக்க மாஜிஸ்திரேட்டின் அனுமதி வேண்டும். இவ்வகைக் குற்றங்களுக்கு முதலில் நான்கு நாள், பிறகு மூன்று நாள் வரைதான் தடுப்புக் காவல் கொடுக்க முடியும். வழக்கறிஞருக்குக் காசில்லை என்றால் ஒய்.பி.ஜி.கே. எனப்படும் தேசிய சட்ட உதவி அறவாரியம் கைது, தடுப்புக் காவல் கட்டங்களில் குடிமக்களுக்கு இலவசமாக வழக்கறிஞரை அனுப்புகிறது. கைப்பேசி பறிமுதல் செய்யப்படலாம், திரும்ப வர நாளாகும். அதனால் முக்கியமான எண்களை ஒரு நோட்டில் எழுதி வைத்திருப்பது நல்லது.

சிம் அட்டை யார் பெயரில் இருக்கிறது என்பதை, அதை வாங்கிய கடையிலோ தொலைத்தொடர்பு நிறுவனத்தின் முகப்பிலோ அடையாள அட்டையைக் காட்டிக் கேட்டுப் பார்க்கலாம். பயன்படுத்துகிறவர் பெயருக்கே மாற்றிக்கொள்ளவும் அங்கேயே கேட்கலாம்.