எல்டன் ரிங்கில் கொல்லர்கல் ஈட்டல்
2022-ஆம் ஆண்டில் வெளிவந்த எல்டன் ரிங் என்னும் விளையாட்டில், சாதாரண வாள் ஒன்றை 25-ஆம் படிக்கு உயர்த்தக் கொல்லர்கற்கள் வேண்டும். 8 தரங்களாகிய அவற்றுள், தரத்திற்கு 2, 4, 6 ஆக மொத்தம் 96 கற்களும், இறுதியில் பண்டை டிராகன் கல்லொன்றும் செலவாம். சுரங்கத் தொழிலாளரை வீழ்த்தினால் சிற்சில கற்கள் கிட்டும். அருள்தலத்தில் நாம் இளைப்பாறியதும் அவர் மீண்டும் உயிர்பெறுவராதலின், பலர் இரவெல்லாம் இதனையே செய்வர். வெள்ளி வண்டுத் தாயத்து அணிந்தால் பொருள் கிட்டும் வாய்ப்பு மிகும் என்பது மெய்யே. ஆயினும் மாணாக்கர்க்கு நேரம் கல்லினும் அரிதன்றோ! ராயா லூக்காரியாப் பளிங்குச் சுரங்கத்தில் உறையும் பளிங்குருவத்தை ஒருமுறை வென்று பெறும் மணியை, வட்டமேசை மண்டபத்து இரட்டைக் கன்னியரிடம் கொடுத்தால், முதலிரு தரக் கற்களும் அளவின்றி விலைக்குக் கிடைக்கும். விலையாகிய ரூனோ போர்தோறும் தானே சேர்வது. மேல்தரங்களுக்கும் இவ்வாறே வேறு மணிகள் உள. டிராகன் கல் மட்டும் இவ்வழியில் வாராது.