ஆசிரியர் உருவாகும் இடங்கள் – 9: ஜூன் மாதத்து வாத்தியார்கள்

சென்ற வாரம் பாஸ்டன் நகரத்து முறையைப் பார்த்தோம். அங்கே புதியவர் ஒரு முழுக் கல்வியாண்டும் அனுபவசாலி ஒருவரின் வகுப்பிலேயே இருந்து தொழில் பழகுகிறார். அந்த வசதி எல்லா ஊருக்கும் வாய்ப்பதில்லை. அமெரிக்காவின் தெற்கே மிசிசிப்பி மாநிலத்தில் அதே வேலையை ஒரு கோடைக்குள் முடிக்கப் பார்க்கிறார்கள்.

‘மிசிசிப்பி டீச்சர் கோர்’ என்ற இந்தத் திட்டம் 1989-ல் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. கல்வியியல் படிக்காத பட்டதாரிகள் இரண்டு ஆண்டுகள் ஏழை மாவட்டப் பள்ளிகளில் வேலை பார்க்க வேண்டும்; பதிலுக்குச் செலவில்லாமல் முதுகலைப் பட்டம். அந்தப் பள்ளிகளுக்கு ஆள் கிடைக்காததற்கு ஒரு வரலாறு உண்டு. பள்ளிகளில் நிறப்பிரிவினையை உடனே ஒழியுங்கள் என்று 1969-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதும், மிசிசிப்பி ஆற்றை ஒட்டிய டெல்டா பகுதி வெள்ளையர்கள் பலர் தங்கள் பிள்ளைகளைத் தனியார் பள்ளிகளுக்கு மாற்றிவிட்டார்கள். அரசுப் பள்ளியில் மிஞ்சியவர்கள் பெரும்பாலும் ஏழைக் கறுப்பினப் பிள்ளைகள். ஆசிரியர் பற்றாக்குறையைச் சமாளிக்கவே 1998-ல் மாநிலம் தனிச் சட்டம் கொண்டுவந்தது.

திட்டத்தில் சேரும் புதியவர்களின் பயிற்சிக் களமாகப் பல ஆண்டுகள் இருந்தது அதே மாநிலத்து ஹோலி ஸ்பிரிங்ஸ். கறுப்பினத்தவர் மீதான கும்பல் கொலைகளை அம்பலப்படுத்திய பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸ் 1862-ல் அடிமையாகப் பிறந்த ஊர் அது. பாடத்தில் தவறிய மாணவர்களுக்கு அங்கே கோடைப் பள்ளி. நம்மூர் அரியர் போலத் தேர்வை மட்டும் மறுபடி எழுதினால் போதாது, பாடத்தையே மறுபடி உட்கார்ந்து கேட்க வேண்டும். நடத்துபவர், அப்போதுதான் கல்லூரியை முடித்துவிட்டு வந்த இளைஞர்.

ஒருவர் பாடம் எடுக்க, சக பயிற்சியாளர்கள் பின்வரிசையில் படிவத்தோடு உட்கார்ந்திருப்பார்கள். ஓராண்டு கற்பித்துத் தேறிய சீனியர்களும் கூட இருப்பார்கள். மணி அடித்ததும் பிள்ளைகளுக்கு வேலை கொடுத்தாரா? முன்பெஞ்சையே பார்த்துப் பேசினாரா? கேள்வி கேட்டபின் எவ்வளவு நேரம் காத்திருந்தார்? இந்தக் கடைசிக் கேள்வி சின்ன விஷயமில்லை. ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிதான் பொறுக்கிறார்கள் என்று 1970-களில் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ கண்டறிந்தார். அதை மூன்று விநாடியாக்கினால் பதில்கள் நீள்கின்றன, வாய் திறக்காத பிள்ளையும் பேசுகிறது. புத்தகத்தில் படித்தால் இது சுலபம். முப்பது கண்கள் முறைக்கும்போது மூன்று விநாடி வாயை மூடிக்கொண்டு நிற்பதற்குப் பயிற்சி வேண்டும். பாடம் முடிந்த கையோடு, பின்வரிசைக்காரர் ‘நீங்களே பதிலையும் சொல்லிவிட்டீர்கள்’ என்று சொன்னால்தான் உறைக்கும்.

இதுவரை எனக்கு மகிழ்ச்சிதான். உறுத்துவது வேறு. ஏற்கெனவே தோற்றுப்போன பிள்ளைக்குத்தான் ஆகச் சிறந்த ஆசிரியர் வேண்டும். அவனிடம் நாம் அனுப்புவது, சாக்பீஸ் பிடிக்கவே அன்றுதான் கற்றுக்கொள்பவரை. ஓர் அறைக்கு நாலைந்து பெரியவர்கள் இருப்பதால் அவனுக்கு வழக்கத்தைவிடக் கூடுதல் கவனிப்பு கிடைக்கிறது என்று வாதிடலாம். அதை நான் பாதிதான் ஏற்பேன். கவனிப்பு அவன் மேல் அல்ல, பாடம் நடத்துபவர் மேல்தான் குவிகிறது.

இன்னொரு சிக்கல் ஆகஸ்டில் வருகிறது. பள்ளி திறந்ததும் அதே இளைஞர் டெல்டாவின் ஏதோ ஒரு சிற்றூரில், நிறைந்த வகுப்பைத் தனியாகக் கட்டி மேய்க்க வேண்டும். பட்டப்படிப்புக்கான வகுப்புகளில் சகாக்களைச் சந்திக்கலாம். ஆனால் அன்றாடம் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்துச் சொல்ல ஆள் கிடையாது. போதாக்குறைக்கு, பிரம்படிக்குச் சட்டம் இடம்தரும் மாநிலம் அது. கோடையில் பொறுமையைப் பழகியவர், அடுத்த அறையில் அடி விழும் சத்தத்தைக் கேட்டபடி பாடம் நடத்த நேரலாம்.

ஆகவே கோடைப் பள்ளியைக் குறைசொல்லிப் பயனில்லை. அங்கே கிடைக்கும் கண்காணிப்பில் பாதியாவது முதல் பருவம் முழுக்கத் தொடர வேண்டும். அதற்குப் பணம் ஒதுக்காமல் புதியவர்களை மட்டும் அனுப்பிக்கொண்டிருப்பது அரைகுறை வேலை.

இதே மாதிரிக் கோடைப் பயிற்சி 2009-ல் ‘டீச் ஃபார் இந்தியா’ வழியாக நம் நாட்டுக்கும் வந்தது. அடுத்த வாரம் அதைப் பார்ப்போம். நீங்கள் ஆசிரியராக இருந்தால், உங்கள் முதல் மாதத்தில் யார் உங்கள் வகுப்பின் பின்வரிசையில் உட்கார்ந்தார்கள் என்று எழுதுங்கள்.

(தொடரும்)