மண் உதிராமல் பெயர்த்து நடுவோம்



பதுளை மாவட்டத் தோட்டப் பங்கு ஒன்றில் நான் பணியாற்றிய நாட்களில், பங்கு மனையின் வாசற்படி அருகே மண் தொட்டியில் ஒரு தேயிலைச் செடி நின்றது. மலை முழுவதும் தேயிலையாய் இருக்க, தொட்டியிலும் தேயிலையா என்று நீங்கள் கேட்கலாம். தோட்டத்துத் தவறணையில் முப்பது ஆண்டுகள் வேலை செய்து ஓய்வுபெற்ற தாய் ஒருவர், நான் பங்கைப் பொறுப்பேற்றபோது அன்போடு கொண்டுவந்து தந்த கன்று அது. எப்போதும் பசுமை மாறாத அச்செடி, பூசைக்கு வருவோர் யாவரையும் இரண்டு ஆண்டுகள் இன்முகத்தோடு வரவேற்றது.

மூன்றாம் ஆண்டில் இலைகள் வெளிறின. புதுக் கொழுந்து வரவில்லை. நான் தண்ணீரைக் கூட்டினேன், உரமும் இட்டேன். இலைகள் இன்னும் உதிர்ந்தன.

அதே நாட்களில் வேறொரு கவலையும் என்னை வாட்டியது. வடகீழ்ப் பருவமழையின்போது அத்தாய் குடியிருந்த லயத்துக்கு மேலேயுள்ள சரிவில் வெடிப்பு விழுந்திருந்தது. குடும்பங்கள் வெளியேற வேண்டும் என்றார்கள். வேறொரு பிரிவில் புதிய வீடுகளும் தயாராகிக்கொண்டிருந்தன. எல்லோரும் இசைந்தபோது அத்தாய் மட்டும் மறுத்தார். நான் மூன்று முறை சென்று பேசினேன். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுக்குள் புதைந்ததை நினைவூட்டினேன். அவர் தலைகுனிந்து கேட்டாரே தவிர, பதில் சொல்லவில்லை. 'முதுமையின் பிடிவாதம்' என்று நான் மனத்துக்குள் தீர்ப்பு எழுதிவிட்டேன்.

ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் அவர் தொட்டியருகே நின்றார். மண்ணில் விரலை ஊன்றிப் பார்த்தார். விரல் இறங்கவில்லை.

"வேரு தொட்டியச் சுத்திக்கிச்சு சாமி. இனிமே நீங்க ஊத்துற தண்ணி ஓரமா ஓடிப்போயிரும், உள்ள போகாது" என்றார்.

தொட்டியைச் சாய்த்து, விளிம்பை மெல்லத் தட்டி, செடியை மண்ணோடு வெளியே எடுத்தார். நான் வியந்து நின்றேன். தொட்டியின் உட்புற வடிவமே வேராகி நின்றது. வெளியே போக வழியில்லாத வேர்கள் ஒன்றன்மேல் ஒன்றாய்ச் சுற்றிச் சுற்றிக் கயிறு திரித்ததுபோல் கிடந்தன. கத்தியை எடுத்து அடியில் சுருண்டிருந்த வேர்களை அவர் வெட்டியபோது, "செத்துப்போகாதா அம்மா?" என்று பதறினேன்.

"சுத்துன வேர அப்புடியே வச்சா, பெரிய தொட்டியில நட்டாலும் அது சுத்திக்கிட்டேதான் இருக்கும் சாமி. வெளிச்சுத்த மட்டுந்தான் வெட்டணும். நடுவுல இருக்குற தாய்மண்ணத் தொடக்கூடாது."

பழையதைவிடச் சற்றே பெரிய தொட்டி போதும் என்றார். மிகப் பெரிய தொட்டியில் ஈரம் தேங்கி வேர் அழுகிவிடுமாம். நீர் வடியும் துளையின்மேல் ஓட்டுத் துண்டு ஒன்றை வைத்தார். தேயிலை புளிப்பு மண்ணை விரும்பும் செடி. ஆகவே சுண்ணாம்போ சாம்பலோ கலக்காமல், மலையின் மண்ணையே இட்டார். முன்பு எந்த அளவுக்கு மண்ணுக்குள் இருந்ததோ, அதே அளவில் செடியை நிறுத்தினார். தண்ணீர் விட்டு, நிழலுக்கு நகர்த்தினார். "ரெண்டு கெழம வெயில் வேணாம். ஒரு மாசத்துக்கு ஒரமும் வேணாம். எல கொட்டும், பயந்துறாதீங்க" என்று எச்சரித்தார்.

இந்த அறிவு அவருக்குத் தவறணை தந்தது. ஓர் இலையும் ஒரு கணுவும் கொண்ட தண்டுத் துண்டை பொலித்தீன் பையில் ஊன்றி, நிழலும் ஈரமும் காத்து, ஒன்பது மாதம் முதல் ஓராண்டு வரை வளர்க்கிறார்கள். பின்னர் நிழலைச் சிறிது சிறிதாகக் குறைத்து வெயிலுக்குப் பழக்குகிறார்கள். ஊவாவில் வடகீழ்ப் பருவமழை தொடங்கியதும், பையைக் கிழித்து, வேரைச் சூழ்ந்த மண் கலையாமல் குழியில் இறக்குகிறார்கள். கன்று வரும் முன்னரே நிலமும் ஆயத்தமாகிறது. பழைய தேயிலையை அகற்றிய இடத்தில் மானாப்புல் அல்லது குவாத்தமாலாப்புல் வளர்த்து, ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள்வரை மண்ணைத் தேற்றுகிறார்கள். ஒரு செடியின் இடமாற்றத்துக்கே எவ்வளவு பொறுமை, எவ்வளவு முன்னேற்பாடு!

கை கழுவிக்கொண்டே அத்தாய் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "நான் வரமாட்டேன்னு சொல்லல சாமி. புள்ளப்பேறுக்கும் சாவுக்கும் ஒருத்தருக்கொருத்தர் நின்னது நாங்க நாலு வீடு. புது எடத்துல சீட்டுக் குலுக்கி, ஆளுக்கொரு மூலையில போடுவோம்ங்குறாங்க. பையக் கிழிக்க எல்லாருக்கும் தெரியும். மண்ணு உதிராமத் தூக்கத் தெரியணும்."

மூன்று முறை பேசப்போன நான், ஒருமுறையேனும் கேட்கப் போகவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அன்பர்களே, மலையக மக்களின் வரலாறே பெயர்த்து நடப்பட்டவர்களின் வரலாறு அல்லவா? 1820களிலிருந்து தமிழகத்தின் வறண்ட ஊர்களிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கும், பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் அவர்கள் கொண்டுவரப்பட்டார்கள். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களுள் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்பவும், 3 இலட்சம் பேரை இலங்கையில் ஏற்கவும் முடிவு செய்தது. எண்களைப் பிரித்தவர்கள், ஒரே லயத்தில் வாழ்ந்த அண்ணனையும் தங்கையையும் கேட்கவில்லை. கப்பலேறியோருள் சிலருக்கு நீலகிரியின் தேயிலை மலைகள் மறுபடியும் மண் தந்தன. பலர் வேரூன்ற இடமின்றி வாடினர். இங்கு எஞ்சியிருந்த நாடற்றோருக்கு வழிதிறந்த சட்டம் வந்தது 2003ஆம் ஆண்டில்தான். இருநூறு ஆண்டு நிறைவை 2023இல் நினைவுகூர்ந்த பின்னரும், சொந்தக் காணியின்றி லயன் அறைகளில் வாழும் குடும்பங்கள் எத்தனையோ! மீரியபெத்தை மக்களுக்கும் ஆபத்து முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. ஆனால், போய் வேரூன்ற வேறு மண் அவர்களுக்கு ஆயத்தமாயிருக்கவில்லை. 2025 நவம்பரில் டித்வா புயலின்போது பதுளை மாவட்டம் மீண்டும் மண்சரிவுகளைக் கண்டு கண்ணீர் வடித்தது. பிடுங்குவது வேறு; பெயர்த்து நடுவது வேறு.

திருப்பாடல் 80 இஸ்ரயேல் மக்களை எகிப்திலிருந்து கொண்டுவரப்பட்ட திராட்சைச் செடியாகக் காண்கிறது. அங்கே நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இறைவன் செடியை நடுவதோடு, அதற்கென நிலத்தையும் சீர்ப்படுத்துகிறார். அதனால் செடி ஆழ வேரூன்றிப் படர்கிறது. நகர்த்துகின்ற கை, நிலத்தையும் ஆயத்தம் செய்த கையாக இருக்கிறது.

அத்தாயின் கோரிக்கையை எடுத்துக்கொண்டு நான் அலுவலகப் படிகள் ஏறினேன். முழு வெற்றி கிட்டியது என்று சொல்ல மாட்டேன். நான்கு வீடுகளில் இரண்டு அருகருகே அமைந்தன. மற்ற இரண்டும் தெருவின் மறுகோடிக்குப் போயின. ஆயினும் அடுத்த மழைக்கு முன்னர் அவர் இடம்பெயர்ந்தார். மாலை வேளைகளில் தெருவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு அவர் நடந்து போவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். என் தொட்டிச் செடியோ, அவர் சொன்னவாறே இலைகளை உதிர்த்தது. ஏழாம் வாரத்தில் கணுவொன்றில் ஊசிமுனை போலக் கொழுந்து எட்டிப்பார்த்தது.

உங்கள் இல்லத்திலும் இன்று யாரேனும் இடம்பெயரக் கூடும். கொழும்புக்கு வேலைக்குப் போகும் மகன், வெளிநாடு செல்லும் மகள், மணமாகி வரும் மருமகள், பிள்ளைகளின் வீட்டுக்கு அழைத்துச் செல்லப்படும் முதிய தந்தை. புதிய இடத்தில் அவர்கள் உடனே துளிர்க்கவில்லையே என்று கடிந்துகொள்ளாதீர்கள். இலை உதிரும் வாரங்களில் அவர்களுக்கு வேண்டியது நிழலும் சிறிது நீருமே. சுற்றியதையே சுற்றிக்கொண்டிருக்கும் பழைய வேர்கள் சிலவற்றை அவர்கள் விட்டுவிட வேண்டியிருக்கலாம், அது வலிக்கும். ஆனால் நடுவிலுள்ள தாய்மண்ணை, அவர்கள் பேச்சையும் உறவையும் நம்பிக்கையையும், நாம் உதிர்த்துவிடக் கூடாது.

இவ்வாரம் அத்தகைய ஒருவரிடம் சென்று அமருங்கள். அறிவுரை சொல்வதற்கு முன், அவருடைய வேரைச் சுற்றியிருக்கும் மண் எது என்று கேளுங்கள். நடுகின்ற இறைவன் நம் கைகளுக்கும் அந்தப் பக்குவத்தைத் தருவாராக.