101 கெஜம் பாக்கி இருக்க, ஏன் உட்கார வைத்தார்கள்?

2025 ஜனவரி 5. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், அமெரிக்கக் காற்பந்துப் பருவத்தின் கடைசி வழக்கமான ஆட்டம். ஈகிள்ஸ் அணியின் நட்சத்திர வீரர் சேக்வான் பார்க்லி அதுவரை 16 ஆட்டங்களில் 2005 கெஜம் ஓடியிருந்தார். ஒரே பருவத்தில் மிக அதிகத் தூரம் ஓடியவர் என்ற சாதனை, 1984-இல் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணியின் எரிக் டிக்கர்சன் படைத்தது. அவர் ஓடியது 2105 கெஜம். இன்னும் 101 கெஜம் ஓடினால் 40 ஆண்டுச் சாதனை பார்க்லியின் கைக்கு வந்துவிடும். அந்தப் பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரியாக 125 கெஜம் ஓடியவர் அவர். ஆனாலும் பயிற்றுநர் நிக் சிரியானி அவரைக் களத்தில் இறக்கவே இல்லை.

அடுத்த கட்டத்தில் ஈகிள்ஸின் இடம் ஏற்கெனவே உறுதியாகிவிட்டது. ஒரு வாரத்தில், தோற்றால் வெளியேற வேண்டிய ஆட்டங்கள் தொடங்கவிருந்தன. அதனால் ஓய்வு கொடுத்தார்கள். இது வெறும் எச்சரிக்கை உணர்வா, இதற்குப் பின்னால் அறிவியல் இருக்கிறதா? அதைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

ஓர் ஓட்டம், ஒரு மோதல்

அமெரிக்கக் காற்பந்து நாம் ஆடும் காற்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம் அது. நான்கு முயற்சிகளுக்குள் 10 கெஜம் முன்னேற வேண்டும். ‘ரன்னிங் பேக்’ எனப்படும் ஓட்டக்காரர் பந்தை வாங்கிக்கொண்டு எதிரணிச் சுவருக்குள் புகுந்து ஓடுவார். அவர் ஒருமுறை இப்படிப் பந்தோடு ஓடுவதை ஓர் ஓட்டம் என்று எண்ணுவார்கள். அந்த ஓட்டம் பெரும்பாலும் எப்படி முடியும் தெரியுமா? யாராவது அவரை இடித்துத் தரையில் சாய்ப்பதில்தான்.

படிவம் 4 இயற்பியல் படித்தவர்கள் உந்தத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். 100 கிலோ எடையுள்ள ஓட்டக்காரர் விநாடிக்கு 7 மீட்டர் வேகத்தில் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். நிறையையும் வேகத்தையும் பெருக்கினால் உந்தம் 700. எதிராளி அவரை 0.2 விநாடியில் நிறுத்தினால், 700-ஐ 0.2-ஆல் வகுக்க வேண்டும். சராசரி விசை 3500 நியூட்டன். ஏறக்குறைய 350 கிலோ எடை அந்தக் கணத்தில் உடம்பின் மேல் அழுத்துவதற்குச் சமம். நிற்கும் நேரம் பாதியானால் விசை இரு மடங்காகும்.

அந்தப் பருவத்தின் வழக்கமான ஆட்டங்களில் பார்க்லி 345 முறை இப்படி ஓடினார். வீசிய பந்தை 33 முறை பிடித்தார். மொத்தம் 378 முறை பந்து அவர் கைக்கு வந்தது. தன் அணியின் பந்து வீசுபவரைக் காப்பதற்காக எதிராளிகளை மறித்து வாங்கும் இடிகள் இந்தக் கணக்கில் சேரவில்லை.

இடி மட்டுமே சுமை அல்ல. வேகமாக ஓடும்போது சட்டெனத் திரும்புகிறார் அல்லவா? அப்போது உடல் எடையைப் போலப் பல மடங்கு விசையை ஒற்றைக் கால் தாங்குகிறது. முழங்காலின் முன் சிலுவைத் தசைநார் யாரும் தொடாமலேயே அறுந்துபோவது இத்தகைய திருப்பங்களில்தான்.

உடம்புக்குள் நடக்கும் சாலைப் பராமரிப்பு

ஆட்டம் முடிந்த பிறகு உடம்புக்குள் என்ன நடக்கிறது? ஒவ்வொரு திசுவும் தனித்தனி வேகத்தில் தன்னைப் பழுதுபார்க்கிறது.

தசையில் சேமித்த கிளைகோஜன் தீர்ந்திருக்கும். நன்றாகச் சாப்பிட்டால் ஏறக்குறைய ஒரு நாளில் அது நிரம்பும். தசை நார்களில் ஏற்பட்ட நுண்ணிய கிழிசல்களால் வரும் வலி ஒன்று முதல் மூன்று நாளுக்குள் உச்சத்தைத் தொட்டுப் பிறகு தணியும். தசையை எலும்போடு இணைக்கும் நாண்களுக்கு இரத்த ஓட்டம் குறைவு. அவை மெதுவாகத்தான் சீராகும்.

எலும்பின் கதைதான் வியப்பானது. எலும்பு கல்லைப் போல உயிரற்ற பொருள் அல்ல. அடிபட அடிபட அதில் நுண்ணிய விரிசல்கள் தோன்றும். சாலையில் பள்ளம் விழுந்தால் பணியாளர்கள் என்ன செய்கிறார்கள்? முதலில் பழுதான பகுதியை இன்னும் ஆழமாகத் தோண்டி எடுக்கிறார்கள், பிறகுதான் புதிய தார் போடுகிறார்கள். எலும்பிலும் அதே கதைதான். ஒருவகை உயிரணுக்கள் பழுதான எலும்பைக் கரைத்து அகற்றும், அதற்குச் சில வாரங்கள் ஆகும். வேறு வகை உயிரணுக்கள் அந்த இடத்தைப் புது எலும்பால் நிரப்பும், அதற்குச் சில மாதங்கள் ஆகும். இடைப்பட்ட காலத்தில் அந்த இடம் முன்பைவிடப் பலவீனமாக இருக்கும்.

ஆக, ‘வலி போய்விட்டது’ என்பதும் ‘சரியாகிவிட்டது’ என்பதும் ஒன்றல்ல. ஒரு வார ஓய்வு தசைக்குப் போதலாம், எலும்புக்குப் போதாது. இந்த ஆட்டத்திலோ ஞாயிற்றுக்கிழமை ஆடியவர்கள் சில வாரங்களில் அடுத்த வியாழக்கிழமையே மீண்டும் களமிறங்க வேண்டும்.

370 என்ற பூதம்

அப்படியானால் எத்தனை ஓட்டம் வரை பாதுகாப்பு? அமெரிக்க ரசிகர்களிடையே நெடுங்காலம் ஒரு நம்பிக்கை இருந்தது. ஒரு பருவத்தில் 370 ஓட்டத்தைத் தொட்டவர் அடுத்த பருவத்தில் வீழ்வார் என்பார்கள். சான்றுகளும் காட்டுவார்கள். 1998-இல் அட்லாண்டாவின் ஜமால் ஆண்டர்சன் 410 முறை ஓடினார். அடுத்த பருவத்தின் இரண்டாவது ஆட்டத்திலேயே முழங்கால் தசைநார் அறுந்தது. 2006-இல் கன்சாஸ் சிட்டியின் லாரி ஜான்சன் 416 முறை ஓடினார். இன்றுவரை அதுவே உச்சம். அடுத்த பருவத்தில் பாதத்தில் காயம்பட்டு 8 ஆட்டங்களோடு நின்றுவிட்டார்.

கேட்டால் பயமாகத்தான் இருக்கும். ஆனால் இங்கே ஒரு கணக்குப் பொறி இருக்கிறது. என் வகுப்பில் ஒரு சோதனையில் 98 மதிப்பெண் எடுத்தவர்களை மட்டும் பிரித்தெடுத்தால், அடுத்த சோதனையில் அவர்களின் சராசரி பெரும்பாலும் குறைந்துதான் இருக்கும். மூளை தேய்ந்துவிட்டதாலா? இல்லை. 98 வாங்க உழைப்போடு அன்றைய அதிர்ஷ்டமும் சேர வேண்டும். அதிர்ஷ்டம் ஒவ்வொரு முறையும் வராது. இதைச் சராசரிக்குத் திரும்புதல் என்பார்கள்.

370 ஓட்டமும் அப்படியே. அதை எட்ட வேண்டுமானால் பருவம் முழுவதும் காயமில்லாமல் இருக்க வேண்டும், முன்னே நின்று மறிக்கும் வீரர்கள் நன்றாக ஆட வேண்டும், அணி அடிக்கடி முன்னிலையில் இருக்க வேண்டும். இவை அனைத்தும் அடுத்த ஆண்டும் கூடிவருவது அரிது. சுமை எதுவுமே செய்யாவிட்டாலும் எண்ணிக்கை இறங்கத்தான் செய்யும்.

எதிர்ச்சான்றுகளும் உண்டு. டிக்கர்சன் 1983-இல் 390 முறை ஓடிவிட்டுத்தான் அடுத்த ஆண்டு சாதனை படைத்தார். டெரிக் ஹென்றி 2020-இல் 378 முறை ஓடி 2027 கெஜம் கடந்தார். 2021-இல் பாத எலும்பு முறிந்தது உண்மைதான். ஆனால் 2024-இல், 30 வயதில், பால்டிமோர் அணிக்காக 1921 கெஜம் ஓடினார்.

எனவே 370 என்பது உடம்புக்குள் இருக்கும் கோடு அல்ல. சுமை தீங்கே செய்யாது என்றும் இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. மொத்த எண்ணிக்கை ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது, அவ்வளவே.

பிறகு எதை அளப்பது?

இன்று பல விளையாட்டு அறிவியலாளர்கள் திடீர் ஏற்றத்தைக் கவனிக்கிறார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவர் மூன்று வாரம் 15 முறை ஓடி, நான்காம் வாரம் 30 முறை ஓடுகிறார். நான்கு வாரச் சராசரி 18.75. கடைசி வாரச் சுமையைச் சராசரியால் வகுத்தால் 1.6 கிடைக்கும். இன்னொருவர் நான்கு வாரமும் 25 முறை ஓடுகிறார். அவருடைய விகிதம் 1. மொத்தம் கூடுதலாக ஓடியவர் இரண்டாமவர். ஆனால் உடம்பு பழகாத சுமையைச் சுமந்தவர் முதலாமவர்.

ஆஸ்திரேலிய ஆய்வாளர் டிம் கேபெட் இந்த விகிதத்தைப் பரவலாக்கினார். 0.8 முதல் 1.3 வரை நல்லது, 1.5-ஐத் தாண்டினால் ஆபத்து கூடும் என்பது அவர் 2016-இல் எழுதியது. வேறு அறிவியலாளர்கள் இதைக் கடுமையாக மறுத்திருக்கிறார்கள். ஒரு விகிதத்தை மட்டும் கொண்டு யாருக்குக் காயம் வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் ‘படிப்படியாக ஏற்று, திடீரென ஏற்றாதே’ என்ற அடிப்படைப் பாடம் பயனுள்ளது. ஓய்வையும் அளவோடு கொடுக்க வேண்டும் என்பது இதன் மறுபக்கம். நீண்ட நாள் முற்றிலும் சும்மா இருந்தால் சராசரி சரிந்துவிடும். திரும்பி வந்த முதல் வாரமே திடீர் ஏற்றமாகிவிடும்.

அணிகள் நடைமுறையில் பல வழிகளைக் கையாளுகின்றன. ஓட்டங்களை இரண்டு மூன்று பேருக்குப் பகிர்ந்து கொடுக்கிறார்கள். வார நடுவில் நட்சத்திரத்தின் பயிற்சியைக் குறைக்கிறார்கள். பருவத்துக்கு முந்தைய ஒத்திகை ஆட்டங்களில் அவரை இறக்குவதில்லை. வீரர்களின் தோள் கவசத்தில் உள்ள சில்லு, அவர் இருக்கும் இடத்தை விநாடிக்கு 10 முறை பதிவு செய்கிறது. அதிலிருந்து வேகம், முடுக்கம், தூரம் எல்லாம் தெரியும். 2011-இல் வீரர் சங்கத்தோடு செய்த ஒப்பந்தம், பருவத்தில் கவசம் அணிந்து மோதும் பயிற்சிகளை 14-ஆகக் குறைத்தது.

யாருடைய உடம்பு? யாருடைய கணக்கு?

இங்கே அறிவியலால் மட்டும் தீர்க்க முடியாத ஒரு கேள்வி இருக்கிறது. புதிதாகத் தேர்வாகும் வீரரின் முதல் ஒப்பந்தம் 4 ஆண்டு. அந்தக் காலத்தில் சம்பளம் ஒப்பீட்டளவில் குறைவு. அணியின் பார்வையில், வீரர் இளமையாகவும் மலிவாகவும் இருக்கும்போதே நிறைய ஓட வைப்பது இலாபம். வீரருக்கோ அவருடைய முதலீடே அந்த உடம்புதான்.

பிட்ஸ்பர்க் அணியின் லெவியான் பெல்லின் கைக்கு 2017-இல் 406 முறை பந்து வந்தது. அணி ஓராண்டுக்கு 1 கோடியே 45 லட்சம் டாலர் கொடுக்க முன்வந்தது. நீண்ட கால ஒப்பந்தம் கிடைக்காததால் அதை மறுத்து 2018 முழுவதும் ஆடாமல் இருந்தார். 2019-இல் வேறு அணியில் திரும்பியபோது ஓட்டத்துக்குச் சராசரி 3.2 கெஜம்தான் கிடைத்தது. புது அணியின் பலவீனமும் அதற்குக் காரணமாக இருக்கலாம். ஆனால் ஓராண்டு ஓய்வு மட்டுமே பழைய ஓட்டக்காரரைத் திருப்பித் தந்துவிடவில்லை என்பது கண்கூடு.

பார்க்லியின் கதை எப்படி முடிந்தது? அடுத்த நான்கு ஆட்டங்களில் அவர் 91 முறை ஓடி 499 கெஜம் கடந்தார். ஜனவரி 19-இல் ராம்ஸ் அணிக்கு எதிராக மட்டும் 205 கெஜம். பிப்ரவரி 9-ஆம் நாள், அவருடைய 28-ஆவது பிறந்தநாளில், ஈகிள்ஸ் சூப்பர் பவுல் கிண்ணத்தை வென்றது. ஓய்வுதான் வெற்றியைத் தந்தது என்று சொல்ல மாட்டேன். ஒரே ஓர் எடுத்துக்காட்டு நிரூபணம் ஆகாது. ஆனால் 2105 என்ற எண்ணைவிட ஒரு மனிதரின் கால்களுக்கு அன்று மதிப்பு கொடுத்தார்கள்.

இதை எழுதும்போது எனக்கு ஒரு மாணவன் நினைவுக்கு வருகிறான். சில ஆண்டுகளுக்கு முன் பள்ளி விளையாட்டுப் போட்டியில் எங்கள் இல்லத்துக்குப் புள்ளி வேண்டும் என்று அவன் பெயரை 100 மீட்டர், 200 மீட்டர், அஞ்சல் ஓட்டம், நீளம் தாண்டுதல் என நான்கிலும் எழுதினேன். ஒரு மாதமாக அவன் சரியாகப் பயிற்சிக்கு வரவில்லை என்பது எனக்குத் தெரியும். அஞ்சல் ஓட்டத்தில் பின்தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். “முடியும் சார்” என்று அவன் சொன்னது உண்மை. கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது அல்ல.

உங்கள் பிள்ளையோ மாணவரோ அடுத்த போட்டிக்குத் தயாராகிறார் என்றால், இன்று முடியுமா என்று மட்டும் கேட்காதீர்கள். போன நான்கு வாரம் என்ன செய்தாய் என்றும் கேளுங்கள்.