பிரெய்ரிக் கட்டடங்களை ஒளிப்படமெடுத்தல்

பிரெய்ரி என்பது வட அமெரிக்காவின் நடுப்பகுதியில் பரந்து கிடக்கும் புல்வெளிச் சமவெளி ஆகும். கனடாவில் மானிட்டோபா, சஸ்காச்சுவான், ஆல்பர்ட்டா ஆகிய மூன்று மாகாணங்களும் பிரெய்ரி மாகாணங்கள் எனப்படுகின்றன. இங்குள்ள பண்ணை வீடுகள், கொட்டகைகள், தேவாலயங்கள், 'எலிவேட்டர்' எனப்படும் தானியக் களஞ்சியங்கள் ஆகியவை ஒளிப்படக் கலைஞர்களைப் பெரிதும் ஈர்ப்பவை. இவற்றில் பல அழிந்து வருவதால், எடுக்கப்படும் படம் அழகுப் பொருளாக மட்டுமன்றி வரலாற்று ஆவணமாகவும் அமைகிறது.

தானிய எலிவேட்டர்

விவசாயி தம் வண்டியைச் சாய்தளத்தின் வழியே உள்ளே ஓட்டி, எடை மேடையில் நிறுத்தி, கோதுமையைத் தரைக்குக் கீழுள்ள குழியில் கொட்டுவார். சிறு வாளிகள் பொருத்திய பட்டை ஒன்று சுழன்று அதை உச்சிக்குத் தூக்கும். அங்கிருந்து தானியம் தன் எடையாலேயே அறைகளுக்குள் இறங்கும். பின்னர் குழாய் வழியாக ரயில் பெட்டிகளை நிரப்பும். தானியம் பக்கவாட்டில் தரும் அழுத்தத்தைத் தாங்குவதற்காக, பலகைகளைக் கிடையாக ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி ஆணியடித்துச் சுவர்கள் எழுப்பப்பட்டன.

குதிரை வண்டியில் ஒரே நாளில் போய்த் திரும்பும் தொலைவில் இவை ரயில் பாதையோரம் அமைந்தன. 1930களில் மேற்குக் கனடாவில் 5,000க்கும் மேற்பட்ட எலிவேட்டர்கள் இருந்தன. கிளை ரயில் பாதைகள் மூடப்பட்டதாலும், பெரிய கான்கிரீட் களஞ்சியங்கள் வந்ததாலும் பெரும்பாலானவை இடிக்கப்பட்டன. சஸ்காச்சுவானின் பிளெமிங் ஊரில் 1895இல் கட்டப்பட்ட எலிவேட்டர் 2010இல் தீக்கிரையானது. மானிட்டோபாவின் இங்கிலிஸ் ஊரில் வரிசையாக நிற்கும் ஐந்து மர எலிவேட்டர்கள் தேசிய வரலாற்றுத் தலமாகப் பாதுகாக்கப்படுகின்றன.

வீடுகள்

தொடக்கக் குடியேறிகள் பலர் புல்வேருடன் வெட்டியெடுத்த மண்கட்டிகளால் வீடு கட்டினர். பின்னர் மர வீடுகள் வந்தன. ஈட்டன்ஸ் நிறுவனம் 1910 முதல் 1932 வரை விலைப்பட்டியல் வழியாக வீட்டு வரைபடங்களையும் மரப்பொருள்களையும் விற்றது. வீட்டைச் சுற்றிக் காற்றைத் தடுக்க நட்ட மரவரிசையும் அதன் பகுதியே. எனவே வீட்டை மட்டும் நெருக்கமாக எடுக்காமல், மரங்கள், கொட்டகை, வயல் ஆகியவை சேர்ந்து தெரியும் படம் ஒன்றும் தேவை.

எடுக்கும் முறை

உயரமான கட்டடத்தை அருகில் நின்று, கேமராவை மேல்நோக்கிச் சாய்த்து எடுத்தால் சுவர்கள் உச்சியில் குவிவதுபோல் தெரியும். கேமராவை மட்டமாகப் பிடித்து, தொலைவில் விலகி நின்று எடுத்தால் இக்குறை நீங்கும். மறைப்பு குறைந்த சமவெளியில் இது எளிது. அருகில் ஒரு மனிதரோ வண்டியோ இருந்தால் கட்டடத்தின் அளவு புரியும்.

காலை, மாலைச் சாய்வொளி பலகைகளின் வரிகளை எடுத்துக்காட்டும். கட்டடத்தின் வடிவமே முதன்மை எனில் மேகமூட்டம் நல்லது. ஜெர்மானியக் கலைஞர்களான பெர்ண்டு, ஹில்லா பெக்கர் இணையர் எலிவேட்டர்கள் உள்ளிட்ட தொழிற்கட்டடங்களை நிழலற்ற ஒளியில், ஒரே முறையில் எடுத்து ஒப்பிட வழிசெய்தனர்.

பனி படர்ந்த நிலத்தைக் கேமரா தானாக அளந்தால் படம் சாம்பல் நிறமாகிவிடும். ஒளியளவை ஒன்று அல்லது இரண்டு படி கூட்ட வேண்டும். கடுங்குளிரில் மின்கலம் விரைவில் தளரும் என்பதால் மாற்று மின்கலத்தை உட்பையில் வைத்திருப்பது நலம். ரயில் பாதையிலும் தனியார் நிலத்திலும் அனுமதியின்றி நுழையக்கூடாது. கைவிடப்பட்ட கட்டடங்களின் தளம் உளுத்திருக்கலாம்.

ஆவணமாக்குதல்

கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியே 1923இல் வெளியிட்ட தம் நூலில் களஞ்சியப் படங்களைச் சேர்த்தபோது, தம் கருத்துக்குப் பொருந்தாத அலங்காரப் பகுதிகளைச் சிலவற்றில் அழித்துவிட்டார். அப்படங்கள் அவருடைய கருத்தைக் காட்டின. கட்டடத்தை உள்ளபடி காட்டவில்லை. பதிவுக்காக எடுப்பவர் மின்கம்பியையோ துருவையோ நீக்கக்கூடாது. வண்டி நுழையும் வாயில், ரயில் பக்கம், பக்கச் சுவர்கள், உச்சிக்கூடு, சுவரில் எழுதிய ஊர்ப்பெயர் ஆகிய அனைத்தையும் எடுக்க வேண்டும். ஊர், நாள், நின்ற திசை ஆகியவற்றைக் குறித்து வைத்தால், கட்டடம் இல்லாமற்போன பின்னும் அது எவ்வாறு இயங்கியது என்பதை அப்படங்களைக் கொண்டு அறியலாம்.