விலாசம் சொல்லாத வீடு

"அந்தப் பிள்ளையை எங்கே வைத்திருக்கிறீர்கள்? விலாசத்தை மட்டும் சொல்லுங்கள். பெரியவர்கள் நாங்கள் நாலு பேர் போய்ப் பேசி அழைத்து வந்துவிடுகிறோம்."

குடும்ப வன்முறையால் வீட்டை விட்டு வந்த பெண்களுக்கான காப்பகம் ஒன்றில் மூன்று ஆண்டுகள் உள்ளேயே தங்கிப் பணிபுரிந்தேன். அங்கே வரும் தொலைபேசி அழைப்புகளில் நிறைய இப்படித்தான் தொடங்கும். பேசுகிறவர்கள் கெட்டவர்கள் அல்லர். பெண்ணின் பெரியப்பாவாக இருப்பார், மஹல்லா ஜமாஅத்தின் செயலாளராக இருப்பார், சில நேரம் பெற்ற அத்தாவே பேசுவார். என் பதில் எல்லோருக்கும் ஒன்றுதான்: "அப்படி ஒருவர் இங்கே இருக்கிறார் என்றும் சொல்ல மாட்டேன், இல்லை என்றும் சொல்ல மாட்டேன். உங்கள் நம்பரைக் கொடுங்கள், குறித்துக்கொள்கிறேன்." பெரும்பாலும் கோபத்தோடு போனை வைத்துவிடுவார்கள். ஏன் அப்படிச் சொன்னேன் என்று விளக்க அப்போது நேரம் கிடைத்ததில்லை. ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் திருவொற்றியூரிலும் இந்த மடலை வாசிக்கிற குடும்பங்களுக்கு இப்போது சொல்கிறேன்.

முதலில் வேலை என்னவென்று பார்ப்போம். அரசு ஏட்டில் இதற்கு வார்டன், கேஸ் ஒர்க்கர், கவுன்சலர் என்று பல பெயர்கள். வீட்டிலிருக்கும் பெண்களுக்கு நாம் 'அக்கா', நம் பிள்ளைகளுக்கு 'ஆபா'. பகலில் வந்து போகும் சமூகப் பணியாளர் கேஸ் பார்ப்பார், வக்கீல் மனு எழுதுவார். உள்ளேயே தங்குகிறவள் மிச்சமுள்ள நேரத்துக்குப் பொறுப்பு. அந்த மிச்ச நேரம்தான் பெரிது. இரவு பதினொன்றுக்குக் கதவு தட்டப்படும்போது திறப்பதும், குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் ஆட்டோ பிடித்து ஸ்டான்லிக்கோ எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கோ ஓடுவதும், மறுநாள் கோர்ட்டுக்குப் போகிறவளின் கை நடுங்காமல் இருக்க அவளோடு விடிய விடியப் பேசிக்கொண்டிருப்பதும் இந்த வேலைதான்.

வருகிற பெண்ணிடம் முதல் இரவில் கதை கேட்கக் கூடாது என்று எனக்குப் பயிற்சியில் சொன்னார்கள். சாப்பாடு, மாற்றுத் துணி, குழந்தைக்குப் பால், படுக்க இடம். அவ்வளவுதான். இரண்டே கேள்விகளை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. ஒன்று, உடம்பில் எங்கே அடி? இரண்டு, கழுத்தைப் பிடித்து நெரித்தாரா?

இரண்டாவது கேள்வி பலருக்கு வியப்பாக இருக்கும். கன்னத்தில் அறைந்தால் வீக்கம் தெரியும், கழுத்தை நெரித்தால் பல நேரம் வெளியே தடயமே இருக்காது. ஆனால் குரல் கம்மிப்போவது, எச்சில் விழுங்க வலிப்பது, கண் வெள்ளையில் ரத்தப் புள்ளி தெரிவது எல்லாம் உள்ளே பாதிப்பு என்பதற்கு அடையாளம். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். 2008இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வின்படி, ஒருமுறை கழுத்து நெரிக்கப்பட்ட பெண் பின்னாளில் அதே ஆளால் கொல்லப்படும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏழு மடங்குக்கும் மேல். கொலை மிரட்டல், கர்ப்பமாக இருக்கும்போது அடிப்பது, மண்ணெண்ணெய் கேனைக் கையில் எடுப்பது இவையும் அதே வரிசையில் வரும் எச்சரிக்கைகள். 'கோபத்தில் செய்துவிட்டான்' என்று ஜமாஅத்தில் கடந்துபோகக் கூடிய விஷயங்கள் அல்ல.

இதோடு இன்னொன்று. பெண் வீட்டை விட்டு வெளியேறுகிற நேரமும் அதற்கடுத்த சில வாரங்களும்தான் அவளுக்கு மிகவும் ஆபத்தானவை. உலகம் முழுவதும் இந்தத் துறையில் வேலை செய்கிறவர்கள் ஒப்புக்கொள்ளும் உண்மை இது. கைப்பிடியில் இருந்தவள் போய்விட்டாள் என்று தெரிந்த பிறகுதான் சில ஆண்கள் எல்லை மீறுகிறார்கள். பெரியவர்களிடம் சொன்ன விலாசம் அன்று மாலையே மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்விடும். அவர்கள் கெடுதல் நினைத்துச் சொல்ல மாட்டார்கள். சமாதானம் பேசத்தானே என்று சொல்லிவிடுவார்கள். அதனால்தான் சட்டமே இதைக் கவனித்திருக்கிறது. குடும்ப வன்முறைச் சட்டத்தின் 2006ஆம் ஆண்டு விதிகள்படி, பெண் விரும்பினால் அவள் அங்கே இருப்பதைக் காப்பகம் எதிர்த்தரப்புக்குத் தெரிவிக்கக் கூடாது. முன்கூட்டியே புகார் அறிக்கை பதியவில்லை என்று காரணம் சொல்லி இடம் மறுக்கவும் கூடாது.

விலாசம் போனிலிருந்தும் கசியும். ஒரு பெண் வந்து மூன்றாம் நாள் தெரு முனையில் கணவர் நின்றார். யாரும் சொல்லவில்லை. அவளுடைய கூகுள் கணக்கு அவருடைய போனிலும் திறந்திருந்தது, இருக்கும் இடம் தானாகத் தெரிந்துகொண்டிருந்தது. அன்றிலிருந்து கதவைத் திறந்ததும் எங்கள் முதல் வேலை போனை வாங்கிப் பார்ப்பது என்றானது. இடம் பகிர்வதை நிறுத்துவோம், பாஸ்வேர்டை மாற்றுவோம், வாட்ஸ்அப் வேறு கருவியில் இணைந்திருக்கிறதா என்று பார்ப்போம். இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். பதினைந்து நிமிடம் போதும்.

அப்படியானால் சமாதானம் பேசவே கூடாதா என்று கேட்பீர்கள். சூரா நிஸாவின் 35ஆம் வசனம் இரு குடும்பத்திலிருந்தும் நடுவர்களை நியமிக்கச் சொல்கிறது என்பதை நானும் அறிவேன். அது இருவருக்கும் இடையே பிணக்கு ஏற்படும்போது. ஒருவர் அடித்து இன்னொருவர் அடிபடுவதைப் பிணக்கு என்று சொல்ல முடியுமா என்பது என் சந்தேகம். ஸாபித் இப்னு கைஸ் அவர்களின் மனைவி ஹபீபா பின்த் ஸஹ்ல் அடிபட்டு விடிகாலையில் நபி (ஸல்) அவர்களின் வீட்டு வாசலில் வந்து நின்ற நிகழ்ச்சி ஹதீஸ் நூல்களில் உள்ளது. நபியவர்கள் அவரைத் திருப்பி அனுப்பவில்லை. மஹரைத் திரும்பக் கொடுத்துப் பிரிய வழி செய்தார்கள். வாசலில் நிற்பவளை முதலில் உள்ளே விட வேண்டும். பேச்சு பிறகு, அவள் விரும்பினால், அவளுக்குப் பாதுகாப்பான இடத்தில்.

காப்பகம் என்றாலே குடும்பத்தைப் பிரிக்கிற இடம் என்ற பேச்சு நம் பகுதியில் உண்டு. உள்ளே இருந்து பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: பிரி என்றும் சேர் என்றும் சொல்லும் உரிமை உள்தங்கிப் பணிபுரிகிறவளுக்குக் கிடையாது. இந்த வேலையில் எனக்கு மிகக் கஷ்டமாக இருந்ததே இதுதான். மருந்து போட்டு, சோறு போட்டு, பத்து நாள் கூடவே இருந்த பெண், "ஆபா, நான் போகிறேன், அவர் மாறிவிட்டதாகச் சொல்கிறார்" என்பாள். வாயைக் கட்டிக்கொள்ள வேண்டும். அவளோடு உட்கார்ந்து பட்டியல் போட வேண்டும்: ஆதார், குழந்தையின் பிறப்புச் சான்று, பாஸ்புக் ஆகியவற்றின் நகலை எங்கே வைப்பது, எந்தப் பக்கத்து வீட்டுக்காரியிடம் ஒரு பை கொடுத்து வைப்பது, என்ன வார்த்தை சொன்னால் அவள் 112ஐ அழைக்க வேண்டும். 'ஜீரா தீர்ந்துபோச்சு' என்று ஒரு பெண் வைத்துக்கொண்டாள். ஐந்து மாதம் கழித்து அந்த வார்த்தை பயன்பட்டது. அன்று நான் அவளைத் திட்டி அனுப்பியிருந்தால் மறுபடி எங்கள் கதவைத் தட்டியிருக்க மாட்டாள்.

இனி சட்டம். சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் கவனமாகப் படியுங்கள். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ளது. எல்லா மதத்தவருக்கும் பொது. மனைவிக்கு மட்டுமல்ல, மகனிடம் அடிபடும் தாய்க்கும் அண்ணனிடம் அடிபடும் தங்கைக்கும் இது உண்டு. மனு போட்டதும் கணவரை ஜெயிலில் போடும் சட்டம் அல்ல இது. வீட்டில் தங்கும் உரிமை, அடிக்கக் கூடாது என்ற பாதுகாப்பு உத்தரவு, ஜீவனாம்சம், குழந்தையைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் உரிமை ஆகியவற்றை மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். பாதுகாப்பு உத்தரவை மீறினால்தான் ஓராண்டு வரை சிறையோ 20,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ. 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் இழுக்கும், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வீடு மாமனார் பெயரில் இருக்கிறது என்பதாலேயே மருமகளை வெளியேற்றிவிட முடியாது என்று 2020 அக்டோபரில் சதீஷ் சந்தர் அஹுஜா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

நம் சமூகத்துப் பெண்களுக்குத் தனியாகத் தெரிய வேண்டியவை மூன்று. ஒரே மூச்சில் சொல்லும் முத்தலாக் 2019 சட்டப்படி செல்லாது, சொன்னவருக்கு மூன்றாண்டு வரை சிறை. தலாக் ஆனவளும் பொதுச் சட்டப்படி ஜீவனாம்சம் கேட்கலாம் என்று 2024 ஜூலை 10 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் உறுதி செய்தது. மூன்றாவதில்தான் நம்மவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். தனியார் அமைப்பு எழுதிக்கொடுக்கும் குலா சான்றிதழ் சட்டப்படி செல்லாது, குடும்ப நல நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது. கொடுமையைக் காரணம் காட்டி நிகாஹை ரத்து செய்யக் கோரும் உரிமை 1939ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. வக்கீலுக்குப் பணம் இல்லை என்பது தடையல்ல. வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு, 15100க்கு அழைக்கலாம்.

கோர்ட்டில் கேட்பது காகிதம். மருத்துவமனையில் 'கீழே விழுந்தேன்' என்று சொல்லாமல் அடித்தது யார் என்று சொன்னால்தான் ஏ.ஆர். காப்பியில் அது பதிவாகும். கீழ்ப்பாக்கம் தீக்காய வார்டில் ஸ்டவ் வெடித்தது என்று சொல்லியே எத்தனையோ பெண்கள் அடங்கிப்போயிருக்கிறார்கள். 2001 முதல் சென்னையில் இயங்கும் பி.சி.வி.சி. என்ற அமைப்பு காப்பகத்தோடு, அந்த மருத்துவமனையின் தீக்காயப் பெண்களுக்கென்றே தனியாக ஆதரவுப் பணியும் செய்துவருகிறது. மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டு வாங்காமல் திரும்பக் கூடாது. ஜமாஅத் பொறுப்பாளர்களுக்கு என் கோரிக்கை ஒன்று. நிகாஹ் தஃப்தர் நகல் கேட்டு ஒரு பெண் வந்தால் கணவர் கையெழுத்தோடு வா என்று அனுப்பாதீர்கள். அவளும் அந்த நிகாஹில் ஒரு தரப்பு. எங்களிடம் வந்த வழக்குகளில் பல வாரங்கள் நின்றுபோனது இந்த ஒரு தாளுக்காகத்தான்.

உள்ளே அன்றாட வாழ்க்கை எப்படி என்று சிலர் கேட்கிறார்கள், குறிப்பாக மகளை அனுப்பத் தயங்கும் உம்மாமார்கள். தொழ இடம் உண்டா, ஹலால் சாப்பாடு உண்டா, வேற்று ஆண்கள் வருவார்களா என்பார்கள். நியாயமான கேள்விகள்தான். காப்பகத்துக்குக் காப்பகம் மாறும், தயங்காமல் கேட்கலாம். நான் இருந்த இடத்தில் எல்லா மதத்துப் பெண்களும் ஒரே சமையலறையைப் பகிர்ந்துகொண்டார்கள். சண்டை வராமல் இருக்குமா? உப்புக்கும் குக்கருக்கும் வரும். ஆனால் ரமலானில் ஸஹருக்கு எழுப்ப நான் அலாரம் வைக்கும் முன்பே எண்ணூரிலிருந்து வந்திருந்த மீனவப் பெண் ஒருத்தி எழுந்து அடுப்பைப் பற்ற வைத்திருப்பாள். கடலுக்குப் போகிறவர்களின் வீட்டில் அந்த நேரத்துக்கு எழுந்து பழக்கம் என்பாள். வயதுக்கு வந்த மகன்களோடு வருகிறவர்கள் மட்டும் முன்பே விசாரிக்க வேண்டும். பல காப்பகங்களில் ஆண் பிள்ளைகளுக்கு வயது வரம்பு இருக்கிறது.

போக வேண்டிய வழி: மகளிர் உதவி எண் 181, உடனடி ஆபத்து என்றால் 112. 2015இல் தொடங்கிய 'சகி' ஒருங்கிணைந்த சேவை மையங்களில் ஐந்து நாள் வரை தங்கலாம். அதற்குள் நீண்ட நாள் தங்கும் காப்பகத்துக்கு ஏற்பாடு செய்வார்கள். சமூக நலத்துறையின் பாதுகாப்பு அலுவலரிடமும் நேரடியாகப் போகலாம்.

இந்த வேலைக்கு நம் பெண் பிள்ளைகள் வர வேண்டும் என்பது என் ஆசை. சமூகப்பணி படித்தவர்கள் கேஸ் ஒர்க்கராகலாம். உள்தங்கும் பணிக்கு அனுபவமும் பொறுமையும் இருந்தால் பல இடங்களில் போதும். உருது பேசத் தெரிந்தவளுக்கு நம் பகுதியிலிருந்து வரும் பெண்களிடம் பாதி வேலை எளிதாகிவிடும். அழும்போது வருவது வீட்டு மொழிதானே. சம்பளம் குறைவு, தூக்கம் அதைவிடக் குறைவு. வாரத்தில் ஒரு நாள் கட்டாயம் வெளியே போய்விட வேண்டும், இல்லையென்றால் கேட்டதெல்லாம் நம் கனவிலும் வரத் தொடங்கும். மூன்றாம் ஆண்டு எனக்கு அது வந்தது, அதனால்தான் விலகினேன்.

கடைசியாக ஒன்று. காப்பகத்திலிருந்து வெளியேறும் பெண்கள் எங்கே போகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. வேலை கிடைத்துவிடும். தையல், வீட்டு வேலை, மணலிப் பக்கம் கம்பெனிகள் என்று ஏதாவது அமையும். வீடுதான் கிடைக்காது. புரோக்கர் முதலில் கேட்பது 'சார் என்ன பண்றார்?' பத்து மாத அட்வான்ஸைக்கூடப் புரட்டிவிடலாம், அந்தக் கேள்வியைத் தாண்ட முடியாது. தண்டையார்பேட்டை, ராயபுரம், திருவொற்றியூர் பகுதிகளில் ஒரு அறையும் சமையலறையும் உள்ள போர்ஷன் வாடகைக்கு வைத்திருப்பவர்கள், தனியாகக் குழந்தைகளோடு வரும் பெண்ணுக்குக் கொடுக்கச் சம்மதம் என்றால், நம் அறக்கட்டளை அலுவலகத்தில் சொல்லி வையுங்கள். எந்த ஊர், யார் வீட்டுப் பெண், ஏன் வந்தாள் என்று கேட்காதவர்களாக இருந்தால் மிகவும் நல்லது.