உண்ணிக்குள் உறையும் நுண்ணங்கி

உண்ணி என்றதும் நம்மிற் பலருக்கு ஊரில் மாட்டின் காதிலும் கழுத்திலும் கொழுத்துத் தொங்கிய உயிரே நினைவுக்கு வரும். அதனைப் பிடுங்கி எறிந்துவிட்டு நாம் மறந்துவிடுவோம். பிரான்சின் காடுகளிலோ புல்நுனியிற் காத்திருக்கும் உண்ணி, அவ்வழியே செல்லும் மனிதரிலும் தொற்றிக்கொள்கின்றது. பிரெஞ்சு மொழியில் ‘தீக்’ எனப்படும் இச்சிற்றுயிரால் ‘லைம்’ நோய் பரவுகின்றது. எனினும் நோயை உண்டாக்குவது உண்ணியன்று. அதனுள் வாழும் பற்றீரியாவே.

கண்டறிந்த வரலாறு

1975ஆம் ஆண்டளவில், அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்திலுள்ள லைம் என்ற ஊரிற் பிள்ளைகள் பலருக்கு மூட்டுகள் வீங்கின. காரணம் புலப்படவில்லை. 1981இல், சுவிற்சர்லாந்திற் பிறந்த வில்லி பேர்க்டோர்ஃபர் என்னும் அறிஞர், உண்ணிகளின் குடலை நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்தபோது சுருள் வடிவான பற்றீரியாக்களைக் கண்டார். 1984இல் அவற்றுக்குப் ‘பொரேலியா பேர்க்டோர்ஃபெரி’ எனப் பெயரிடப்பட்டது. பெயரின் முற்பாதி, பாரிசின் பஸ்தேர் நிறுவனத்திற் பணியாற்றிய அமெதே பொரேலை நினைவூட்டுவது, பிற்பாதி கண்டறிந்தவருக்குரியது.

குடலில் ஒரு குடியிருப்பு

உண்ணியின் வாழ்வு முட்டை, ஆறு காற் குடம்பி, எட்டுக் கால் அணங்கு, நிறைவுடலி என நான்கு பருவங்களைக் கொண்டது. முட்டையிலிருந்து வரும் குடம்பியிடம் இப்பற்றீரியா பொதுவாக இராது. பற்றீரியாவைக் கொண்ட எலியையோ பறவையையோ கடித்துக் குருதி குடிக்கும்போதே அது குடலினுட் புகுகின்றது.

அங்கு அது அழியாதிருப்பது எவ்வாறு? உண்ணி குருதியைக் குடற்குழியில் வைத்துச் சமிபாடு செய்வதில்லை. குடற்சுவர்க் கலங்களே அதனைச் சிறிது சிறிதாக உள்ளெடுத்துச் சமிபாடு செய்கின்றன. எனவே குழியிலுள்ள பற்றீரியா தப்பிவிடுகின்றது. தன் மேற்பரப்பிலுள்ள ஒரு புரதத்தினாற் குடற்சுவரைப் பற்றிக்கொண்டு, மாதக்கணக்காக அடங்கிக் கிடக்கின்றது.

பின்னர் அணங்கு அடுத்த உயிரைக் கடிக்கின்றது. வெதுவெதுப்பான குருதி உட்புகுந்ததும் பற்றீரியா விழித்துக்கொள்கின்றது. பழைய புரதத்தைக் குறைத்து வேறொரு புரதத்தைப் போர்த்திக்கொண்டு, பெருகிக் குடற்சுவரைத் துளைத்து உமிழ்நீர்ச் சுரப்பியை அடைகின்றது. உண்ணியின் உமிழ்நீரிலுள்ள புரதமொன்று அதற்குக் கவசமாகி, நம் உடலின் எதிர்ப்பிலிருந்து காக்கின்றது. இப்பயணத்துக்கு நேரம் தேவை. பெரும்பாலும் ஒரு நாளுக்கு மேற் செல்லும். ஐரோப்பாவிலுள்ள சில இனங்களுக்கு அதனினும் குறைவான நேரம் போதும். அந்த இடைவெளியே நமக்குள்ள வாய்ப்பாகும்.

நமக்கு அண்மையில்

லா சப்பலுக்கு அருகிலுள்ள கார் து நோரிலிருந்து புறநகர்த் தொடருந்தில் ஏறினாற் செனார் காட்டின் ஓரத்தை அடையலாம். வீட்டில் வளர்க்கவெனக் கொண்டுவரப்பட்டுப் பின்னர் விடப்பட்ட சைபீரிய அணில்கள் அங்கு பெருகின. நம் ஊர் அணிலைப் போல இவற்றின் முதுகிலும் கோடுகள் உண்டு. அங்குள்ள எலியினங்களைக் காட்டிலும் இவ்வணில்களே பற்றீரியா தாங்கிய அணங்குகளைக் கூடுதலாக உருவாக்கின என 2013இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது. வளர்த்தவர் இரக்கத்துடன் விட்டிருக்கலாம், விளைவு வேறாயிற்று.

பெற்றோர் கவனத்திற்கு

பள்ளிச் சுற்றுலாவோ காட்டு நடையோ முடிந்து வீடு திரும்பியதும் பிள்ளைகளின் அக்குள், முழங்காலின் பின்புறம், தலை, காதோரம் ஆகியவற்றைப் பாருங்கள். அணங்கு கசகசா விதையளவே இருக்கும். உண்ணியைக் கண்டால் எண்ணெய் பூசுதல், நெருப்பாற் சுடுதல் போன்ற பழைய வைத்தியங்கள் வேண்டாம். அவற்றால் உண்ணி தன்னுள் இருப்பதைக் காயத்திற் கக்கக்கூடும். மருந்தகத்தில் விற்கும் உண்ணி அகற்றும் கொக்கியாலோ நுண்ணிய இடுக்கியாலோ தோலையொட்டிப் பிடித்து அகற்றி, கடிவாயைத் தொற்றுநீக்கியால் துடையுங்கள்.

அடுத்த ஒரு மாதம் அவ்விடத்தைக் கவனித்து வாருங்கள். விரிந்து செல்லும் செந்நிற வட்டமே முதல் அறிகுறி. நூல்களிலுள்ள படங்கள் பெரும்பாலும் வெண்ணிறத் தோலில் எடுக்கப்பட்டவை. நம் கருநிறத் தோலில் அச்சிவப்பு தெளிவாகத் தெரியாது. ஆகவே நல்ல வெளிச்சத்திற் பாருங்கள். ஐயமிருப்பின் மருத்துவரிடம், உண்ணி கடித்த நாளையும் சென்ற இடத்தையும் மறவாது கூறுங்கள். தொடக்கத்தில் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தால் நோய் குணமாகும்.

மாணவச் செல்வங்களே, உங்கள் பெற்றோருக்காக மருத்துவரிடம் பிரெஞ்சு பேசுவோர் பல வீடுகளில் நீங்களே. காட்டுக்குச் செல்ல அஞ்ச வேண்டாம். நீண்ட காற்சட்டை அணிந்து செல்லுங்கள். கண்டதைத் தமிழில் வீட்டாருக்கும் பிரெஞ்சில் மருத்துவருக்கும் சொல்லப் பழகுங்கள்.